அந்தோணியாருக்கு எழுதிக் கொடுத்த மருதங்காடு

சவுரியம்மாள் குறுக்கே விழுந்திருக்காவிட்டால், கெடாருக்கு அந்தாண்ட ஆற்றங்கரையில் இருந்த மருதங்காடு 1993-லேயே செங்கல் சூளைக்கு விறகாகியிருக்கும். காட்டுக்குச் சொந்தக்காரரான விழுப்புரத்துக்காரர் சூளைக்காரனிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். "எங்களுக்கே குடுங்க" என்று போய் நின்றாள். வீட்டுக்கு வீடு விளைந்த மல்லாட்டையில் ஒரு மூட்டை போட்டு, அந்தக் கடலை விற்ற காசில் ஊரே காட்டை வாங்கியது.

யார் பேரில் எழுதுவது? அங்கேதான் இழுபறி. அவனவனுக்கு அடுத்தவன் மேல் சந்தேகம்.

"மனுசன் பேருல எழுதினா நாளைக்கு அவன் புள்ள விப்பான். அந்தோணியார் பேருல எழுதுங்க. எவன் கைய வைக்கிறான், பாக்கலாம்!" என்றாள் சவுரியம்மாள். அப்படியே எழுதினார்கள்.

அடேயப்பா, என்ன பயம்! சிலுவை போடத் தெரியாத மணல் லாரிக்காரன்கூட அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டான். சுள்ளி ஒடித்தவனுக்கு மாடு செத்ததாக இவளே ஒரு கதை கட்டிவிட்டாள். ஊர் நம்பியது. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் மருதவேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். கரைக்குப் பின்னால் அவளுடைய கொல்லி நிலத்தில் கேப்பை சேதமில்லாமல் விளையும்.

2012-ல் அவள் தம்பி இன்னாசிராஜ் திருவிழாக் கமிட்டித் தலைவனானான். காட்டு மேட்டில் அந்தோணியாருக்குக் குகை மாதிரி ஒரு கெபி, கரையோரம் கார் நிறுத்த இடம் என்று முடிவாயிற்று. மரம் அறுக்கிற மிஷின் வந்து இறங்கியது.

"டேய், சாமி நிலம்டா அது!" என்று ஓடினாள்.

"சாமி நிலத்துல சாமிக்குத்தானேக்கா வெட்றோம்? எழுதச் சொன்னதே நீதானே. பேஜாரு பண்ணாத, அந்தாண்ட போ."

சுள்ளியைத் தொடப் பயந்த சனமெல்லாம் கைகூப்பி நின்றது. அவர்கள் பயந்தது சாமிக்கு, மரத்துக்கு இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரையோர மருதமெல்லாம் சாய்ந்தது.

2015 மழையில் ஆறு மொட்டைக்கரையை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. கார் நிறுத்துகிற இடம் போயிற்று. அவள் கொல்லியை முழங்கால் உயரம் மணல் மூடியது. மேட்டில் இருந்த கெபி மட்டும் நனையவில்லை. புதுமை, அந்தோணியார் செய்த அற்புதம் என்று திண்டிவனத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள்.

நன்றிப் பூசைக்கு இன்னாசிராஜ் அவளையும் கூப்பிட்டான். போகாவிட்டால் சாமிக்கு ஆகாதவள் என்று ஊர் ஒதுக்கிவிடும். போனாள். நிலம் வாங்கித் தந்தவள் என்று பொன்னாடை போர்த்தி, மைக்கை நீட்டினான்.

எதிரே, மணல் மூடிய அவள் கொல்லியில் கார்கள் வரிசையாக நின்றன.

"எல்லாம் அந்தோணியார் புதுமைங்க" என்றாள்.