தாயம் விழாத பரிசல்

எங்கள் வீட்டில் கடற்கொள்ளை தொடங்கியது நான் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்த வாரத்தில். அதியமான்கோட்டையில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். கொள்ளைக்கெல்லாம் தலைவி என் அத்தை, அப்பாவின் தங்கை. வீங்கிய கன்னத்தோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, புருஷன் வீடான சேலத்திலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பல்வலி என்றார்கள். பல்வலிக்காரி முறுக்கை நறுக் நறுக்கென்று கடித்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் கம்பெனி வேலை பார்த்தபோது ஹாஸ்டல் தோழிகளிடம் அவள் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அத்தை கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு கொள்ளைக்காரராகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். சீட்டுக் குலுக்கி வேடம் எடுத்ததில் ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டம்தான் அமைந்தது. தம்பி, நீச்சல் தெரியாத கேப்டன். பெரியப்பா மகன், ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் வாள்வீரன். நான், திருடியதை மனசு கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிற கொள்ளைக்காரி. கப்பலை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒகேனக்கல் பரிசலிலேயே ஏழு கடலையும் சுற்றினோம். அதற்கு முன்பக்கம் எது என்பதில் தினமும் சண்டை. தாயம் விழுந்தால் தங்கத் தீவில் இறங்கலாம், அத்தோடு ஆட்டம் முடிந்தது.

மூன்றாம் நாள் அப்பா வந்து நின்றார்.

"எப்பம்மா கெளம்பற? மாப்ள போன் மேல போன் போடறாரு."

"பசங்க ஆட்டம் முடியட்டும்ண்ணா, போயிர்றேன்."

அப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். பொடிசுகளின் ஆட்டம் எத்தனை நாள் ஓடிவிடும் என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து எனக்கு ஆட்டத்தில் ஜெயிக்கவே மனசில்லை. தாயம் விழுந்தால் அத்தை போய்விடுவாள். நினைத்தாலே அழுகை வந்தது. தாயம் விழாதபடி, கட்டையை உருட்டாமல் தரையோடு வழுக்கிவிட ஒரு வித்தை உண்டு. கொல்லையில் தனியாக உட்கார்ந்து அதைப் பழகினேன். தம்பி கையில் கட்டை போனால்தான் உயிர் போய் உயிர் வரும். அந்தக் கடன்காரனுக்கு இரண்டு முறை தாயம் விழுந்தே விட்டது. "கட்ட பாய்க்கு வெளிய போயிருச்சு, செல்லாது" என்று கத்திக் கலைத்துவிட்டேன். அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் கதையை நீட்டினாள். புயலடித்தது, சுறா வந்தது, பரிசலில் ஓட்டை விழுந்தது. பதினேழு நாள் நாங்கள் கரை சேரவில்லை.

பதினெட்டாம் நாள் அப்பா பாயோரமாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. கட்டை என் கைக்கு வந்தது. வழுக்கினேன். நாலு விழுந்தது.

அத்தை கட்டையை எடுத்து மூலையில் வைத்தாள். "கரை தெரியுது. எல்லாரும் எறங்குங்க."

"தாயம் விழுலியே அத்தை!"

"விழுலன்னாலும் எறங்கலாம், கண்ணு."

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளோடு பேசவே இல்லை.

மறுநாள் அப்பாவுக்குத் தக்காளி லோடு ஏற்றுகிற வேலை. அத்தையைச் சேலம் பஸ் ஏற்றிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஹைவே ஓரம் நின்றோம். ஒரு சேலம் பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிட்டாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தண்ணி பாட்டில் ஒன்னு வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள். கடையிலிருந்து திரும்பினால் ஆளைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓசூர் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்!

"அத்தை, அது இல்லீங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். லாரி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை போல. பஸ் போயே போய்விட்டது.

ஐயோ, அத்தை எங்கே போய்ச் சேருவாளோ என்று எங்கள் தக்காளிக் காட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, அத்தை தப்பான பஸ்ல ஏறிட்டாங்க! ஓசூர் பஸ்ல!"

அப்பா கூடையை அப்படியே போட்டுவிட்டு பைக்கை உதைத்தார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துவிட்டார். பைக்கின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை வந்து இறங்கியதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வழி தெரியாம பயந்துட்டீங்களா, அத்தை?"

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா கண்ணு" என்றாள்.

மதியமே அப்பா அவளைத் தானே கூட்டிக்கொண்டு சேலம் போனார். நான் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் அத்தை தொலைந்தே போயிருப்பாள் என்று, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.