வாசலில் வேப்பிலை, ஜாடிக்குள் சிலந்தி

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தபோது, நான் கொண்டுவந்தவற்றில் மாமியாருக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை: கண்ணாடி ஜாடிக்குள் இருந்த டாரன்டுலா. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் ரோமம். விலங்கியல் படித்த காலத்தில் கர்ஜத் மலைக்காட்டுப் பக்கம் பிடித்து வளர்த்தது. "எட்டுக்கால் பூச்சிக்கெல்லாம் ஆத்துல எடமா?" என்று ஜாடியைப் பால்கனிக்குத் தள்ளினார். இன்னொரு தொந்தரவு வந்தால் ஜாடி தெருவுக்குத்தான் என்றும் சொல்லிவைத்திருந்தார். நான் படித்தவள் என்று எனக்கே ஞாபகப்படுத்த அந்த வீட்டில் அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை.

அன்று மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார். சிலந்தி மல்லாந்து கிடந்து தோல் உரித்துக்கொண்டிருந்தது. ஏழு கால்கள் வெளியே வந்துவிட்டன, எட்டாவது மட்டும் பழைய தோலுக்குள் சிக்கிக்கொண்டது. புது உடம்பு தொட்டாலே கிழிந்துவிடும். இங்க் ஃபில்லரால் அந்தக் காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தோலை ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே பம்புச் சத்தம். முனிசிபாலிட்டிக்காரர்கள் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள். பால்கனியைக்கூட விடமாட்டார்கள். மருந்து பட்டால் சிலந்தி பிழைக்காது, ஜாடியை அசைத்தாலும் பிழைக்காது. பால்கனியை உரசிக்கொண்டு நின்ற வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்து, ஓடிப்போய் வாசல் நிலையில் செருகினேன்.

"தர்வாஜா கோலோ, தவா மார்னேகா ஹை!" மருந்தடிக்கக் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டினார்கள்.

"முஜே மாதா ஆயி ஹை" என்றேன், கதவிடுக்கு வழியாக. எனக்கு அம்மை என்றதும், வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், சிக்கிய கால் அடியோடு கழன்று தோலுக்குள்ளேயே கிடந்தது. சிலந்திக்கு உயிர் இருந்தது.

"யாருக்குடி?"

வாசலில் மாமியார். வேப்பிலையைப் பார்த்து முகம் வெளுத்திருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, ஜாடிக்கு முன்னால் போய் மறித்து நின்றுகொண்டேன். அவர் கை வைத்தால் பிடித்துத் தள்ளிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"அம்பாள் பேரைச் சொல்லிக் கட்டிட்டு ஒடனே அவுக்கப்படாது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து, நிஜமாகவே அம்மை கண்ட வீடுபோல, வீட்டில் தாளிப்பு இல்லை, சவரம் இல்லை. என் கணவர் தாடியோடு ஆபீஸ் போனார். என்னோடு மாமியாருக்குப் பேச்சே இல்லை.

சிலந்தி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் என்னை மணையில் உட்காரவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலையில் கொட்டினார்.

"எனக்கு ஒண்ணுமில்லையேம்மா!"

"ஒனக்குன்னுதானே சொன்னே? வாயை மூடிண்டு உக்காரு."

நான் நடுங்கிக்கொண்டே தலையைத் துவட்டும்போது, அவர் பால்கனியில் நின்று முதல் தடவையாக ஜாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"போன கால் மொளைக்குமாடி?"

"அடுத்த தடவை தோல் உரிக்கறச்சே மொளைக்கும்மா. ஒரு வருஷம்கூட ஆகும்."

ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் அலமாரிமேல் வைத்தார்.

"அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."