ரூபி டீச்சர் கணக்கில் சேர்த்த செருப்புகள்

செய்தி வந்த காலையில் எங்கள் அடுக்களையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் கணவர், பட்டாசுக் கம்பெனி வேன் வரும்வரை காப்பி குடித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் பேச்சியம்மாள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சரின் அண்ணன் மகள் போனில் பேசினாள். "அத்தை போயிட்டாங்க" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். பேச்சியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நம்ம ஷெட்டு, மதினி?" என்றாள்.

"இப்ப கேக்குற கேள்வியா அது?" என்று என் கணவர் அவளை அதட்டினார். எனக்கு அது தப்பாகப் படவில்லை. டீச்சரே அங்கே இருந்திருந்தால் அவருக்கும் பட்டிருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவரிடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் சேர்ந்து போடும் நினைவு மலரில் என்னையும் எழுதக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர். விருதுநகரில் எங்கள் தெருவுக்கு அவர் பக்கத்து வீட்டு ரூபி டீச்சர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் என் பையனின் பழைய பாடப் புத்தகங்களை வைத்து நானாகப் படித்ததுதான். ஆகவே உங்களைப் போல எழுத வராது. பார்த்ததை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று இங்கே குடிவந்த புதிதில் ஒருநாள் வந்து, "ஒரு படி துவரம்பருப்பு கடனாக் கிடைக்குமா?" என்றார். சாம்பாருக்கு இவ்வளவு எதற்கு என்று யோசித்துக்கொண்டே கொடுத்தேன். பிறகு எட்டிப் பார்த்தால், அட்டையைச் சுருட்டிப் புனல் செய்து, அதில் பருப்பைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மளமளவென்று விழுந்த பருப்பு திடீரென்று நின்றுவிட்டது.

"அடைச்சுக்கிருச்சா டீச்சர்?"

"அடைக்க ஒண்ணுமே இல்ல, முத்து. நல்லாப் பாரு. ஒண்ணுக்கொண்ணு தோள் கொடுத்து வளைவு கட்டி நிக்குது. ஒரு பருப்பும் மறிக்கணும்னு நினைக்கல. எல்லாம் வெளிய போகத்தான் வந்துச்சு."

மறுநாள் பருப்பைக் கல் பொறுக்கிச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தபோதுதான், அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று கேட்டேன். பட்டாசு செய்கிற ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள், வாசல் எங்கே இருந்தால் நெரிசல் வராது என்பதைக் கணிதமாக எழுதுவது என்றார். ஆட்களை அவர் புள்ளிகளாக வைப்பார். ஒவ்வொரு புள்ளிக்கும் வேகம், திசை, பக்கத்துப் புள்ளியோடு எவ்வளவு உரசலாம் என்ற அளவு. எங்கள் ஊரிலிருந்து தினமும் வேன் வேனாக ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகளில் ஒன்று பேச்சியம்மாள் என்பது அன்றே என் மனதில் விழுந்துவிட்டது.

எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நான் தீச்சட்டி எடுத்த வருஷம் அவரும் வந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் கோயில் வாசலிலேயே நின்றார். "சாமி கும்பிட வந்தீகளா, கூட்டம் பாக்க வந்தீகளா?" என்று கேட்டேன். "நீ சாமியப் பாரு, நான் உங்களப் பாக்கேன்" என்றார். வாசலுக்கு எதிரே ஒரு பந்தல் கால் இருந்தது. கூட்டம் அதில் இரண்டாகப் பிரிந்து, இடிக்காமல் வெளியே போனது. அன்று முழுக்க அதையே பேசினார். வழியில் நிற்கிற ஒன்று சில இடத்தில் நெருக்கடியைக் குறைக்கும், ஒரு முழம் தள்ளி நின்றால் அதுவே கூட்டும் என்றார்.

என் வரவு செலவு நோட்டை அவர் விரும்பிப் பார்ப்பார். ஒரே ஒரு இடத்தில்தான் குறை சொன்னார். மாதக் கடைசியில் நான் 'இதர' என்று ஒரு வரி போடுவேன். "இதரன்னு எழுதுனா, பாக்க மனசில்லாம விட்டதுன்னு அர்த்தம். விடு, தப்பில்ல. நானும் எவ்வளவோ விட்டுட்டுத்தான் கணக்கு எழுதுதேன். ஆனா எதை விட்டோம்னு பேர் சொல்லி விடணும்."

அந்தச் சொல் அவர் பக்கமே திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தன் கணக்கைச் சரிபார்க்க நிஜ ஆட்கள் வேண்டும் என்றார். பேச்சியம்மாள் தன் வேன் ஆட்களையெல்லாம் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து வந்தாள். தரையில் ஷெட்டு மாதிரிக் கோடு போட்டு, வாசலுக்கு இரண்டு பெஞ்சை இழுத்து வைத்தோம். பெண்கள் கம்பெனியில் செய்கிறபடியே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான் மணி அடித்தேன்.

எழுந்தார்கள், ஓடிவந்தார்கள், வாசலில் குனிந்தார்கள்.

"ஏ, எஞ்செருப்ப மிதிக்கியே!"

"தீப்பிடிச்சிருச்சுன்னு மணி அடிக்காக, ஒனக்குச் செருப்பு கேக்குதோ?"

"நேத்துத்தான் வாங்குனது, அக்கா. நீ தாண்டிப் போயேன்."

"எங்கிட்டுத் தாண்ட? ஒன் முதுகையா?"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேச்சியம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. "நெசமா நெருப்புன்னா எவ டீச்சர் செருப்புத் தேடுவா?" என்றாள்.

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். "தேட மாட்டீக தாயி. தடுக்கி விழுவீக."

அவர் எழுந்து போய் அந்தச் செருப்புக் குவியலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "முத்து, நான் இதரன்னு எழுதிட்டேன்" என்றார். செருப்பையெல்லாம் பக்கச் சுவர் ஓரம் வைக்கச் சொல்லி மறுபடி மணி அடிக்க வைத்தார். இந்த முறை ஒருவரும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாச் சமன்பாடுகளையும் செருப்போடு புதிதாக எழுத உட்கார்ந்தார்.

இது பேச்சியம்மாள் வேலை பார்க்கிற அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனி முதலாளி காதுக்கும் போனது. அவரே வந்தார். "புது ஷெட்டு ஒண்ணு கட்டப் போறேம்மா. வாசல் எங்கன, செருப்பு எங்கன, ஒரு படம் போட்டுக் குடுங்க. அப்படியே கட்டிப்புடுதேன்" என்றார். டீச்சருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நான்தான் பார்த்தேன். ஆனால் அந்த இடத்தில் வாசல் வைக்க முடிகிற பக்கத்துக்கு நேரே ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதை எடுக்க முடியாது. அந்தத் தொட்டி கோயில் பந்தல் கால் மாதிரிக் கூட்டத்தைப் பிரித்துவிடுமா, முட்டிக்கொள்ள வைக்குமா? அதைத்தான் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் நோய் அவரைப் படுக்கவைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போதெல்லாம் முதல் கேள்வி, "கொத்தனார் வந்துட்டாரா?" என்பதுதான். ஒருநாள் மனசு கேட்காமல், "தோராயமா ஒரு படம் போட்டுக் குடுத்துருங்களேன் டீச்சர், அவுக கட்டிக்கிருவாக" என்றேன். "எனக்கே தெரியாதத எப்படிக் குடுப்பேன்? அதுக்குள்ள உக்காரப் போறது உன் நாத்தனார்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஜெபம் பண்ணு. கணக்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. முன்பெல்லாம் விளக்கேற்றி, "எல்லாரையும் காப்பாத்து தாயே" என்று ஒரே வரியில் கும்பிட்டு எழுந்துவிடுவேன். அதுவும் ஒரு 'இதர'தான் என்று இப்போது படுகிறது. இப்போது பேச்சியம்மாளில் தொடங்கி, அந்த வேனில் போகிற ஒவ்வொருத்தி பேரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன். கடைசியில் டீச்சர் பேரையும் சொல்கிறேன். அவருடைய சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

ஜெபம் என் பங்கு, அது நடக்கிறது. கணக்குதான் பாதியில் நிற்கிறது. டீச்சரின் தாள்களும் கம்ப்யூட்டரும் எங்கள் வீட்டு உள்ளறையில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய அண்ணன் மகள், அவரிடம் படித்தவர்கள் யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லிவிட்டாள். மழை விட்டதும் அஸ்திவாரம் தோண்டுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். சுவர் எழும்பிவிட்டால் வாசலை நகர்த்த முடியாது. அந்தத் தொட்டிக் கணக்கை உங்களில் யார் முடித்துக் கொடுப்பீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.