ஸ்டெல்லா அக்காவின்ர யூஎஸ்பி

சேர்ச்சில பாட்டு வரியளைச் சுவரில காட்ட நான் மூண்டு மாதமா எழுதின கொம்பியூட்டர் அப்புக்கு இண்டைக்குத்தான் முதல் பூசை.

வழமையான லாப்டொப் பழுதெண்டு பங்கு அலுவலகம் ஒரு பழசைத் தந்தது, முழுக்கப் பிரெஞ்சில. என்ர அப் முதல்ல அப்டேட் கேட்டுது. பிறகு பாஸ்வேர்ட். பிறகு இன்டர்நெட். கோயிலுக்குள்ள எங்க இன்டர்நெட்?

சாமியார் பூசை உடுப்போட வெளிக்கிட்டு வாசலில நிக்கிறார்.

பாடகர் குழுவை நடத்துற ஸ்டெல்லா அக்கா ஹான்ட்பாக்கில இருந்து ஒரு யூஎஸ்பியை எடுத்துக் குத்தினா. வருகைப் பாட்டு சுவரில வந்திட்டுது.

பூசை முடியக் கேட்டன், "அக்கா, உது ஆர் செய்து தந்தது?"

"நீர்தான் தம்பி. செஜெப் கொலிச்சில படிக்கேக்க செய்து தந்தனீர். அதுக்குப் பிறகு எத்தினை கொம்பியூட்டர் மாறிட்டுது, இதுக்கு ஒண்டும் ஆகேல்லை. பேந்து உம்மட புதுசையும் பாப்பம், என்ன?"

சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லை.

கொப்பி பண்ணிக்கொண்டு வந்து மெட்ரோவிலயே திறந்து பாத்தன். ஒரே ஒரு பைல். பாட்டுகள், கீழ கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். எந்தப் பிரௌசரிலையும் திறக்குது. அம்புக்குறியை அமத்தினால் அடுத்த வரி. அவ்வளவுதான்.

ஒண்டும் தெரியாத வயசில எழுதினது ஓடுது. எல்லாம் தெரிஞ்சு எழுதினது ஓடேல்லை.

அப்ப இடையில நான் என்னத்தைப் படிச்சனான்? விளங்கின ஆக்கள் கீழ சொல்லுங்கோ.