லுத்விகா விட்டுவைத்த இடம்

க்ரோஸ்னோ ஊரில் லுத்விகாவிடம் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவளைத் திட்டியிருப்பார்கள். திட்டிவிட்டு, ஏதாவது கெட்டுப்போனால் அவளிடமேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊரில் வேறு கடையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் கைராசி என்று ஒன்று இருக்கிறதே!

கண்ணாடித் தொழிற்சாலையில் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது ஆம்பிளைகள் எல்லாம் தொடப் பயந்து சுற்றி நின்றார்கள். "என்ன, வெடிகுண்டா? தள்ளுங்கய்யா" என்று இவள்தான் போய் எதிரே உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது மூலையில் உட்கார்ந்து அழவில்லை. கணவன் ரோமனின் கார்க் கொட்டகையைக் காலிசெய்து கடை போட்டாள். ரோமனின் கார் இன்றுவரை பனியில்தான் நிற்கிறது.

திட்டுக்குக் காரணம் இதுதான். எந்த ஹார்டு டிஸ்க்கைப் பாகம் பிரித்துக் கொடுத்தாலும், கடைசியில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுவாள். மனையில் வீடு கட்டிவிட்டுக் கொல்லையில் கொஞ்சம் சும்மா விடுவதுபோல. திரையில் 'ஒதுக்கப்படாத இடம்' என்று கறுப்புப் பட்டையாக அது தெரியும். அதில் ஒரு போட்டோகூடப் போட முடியாது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு வயிறு எரியாதா?

"கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மேஜையில எத்தனை தட்டு வைப்பீங்க?" என்று கேட்பாள்.

"ஆளுக்கு ஒண்ணு. யாராச்சும் திடீர்னு வந்தா இருக்கட்டும்னு கூட ஒண்ணு."

"அந்த ஒண்ணை உங்க வீட்டம்மா திருடிட்டாங்கன்னு சண்டை போடுவீங்களா? போங்க, போய் வேலையைப் பாருங்க."

ஒருமுறை தீயணைப்புத் தொண்டர்களின் கம்ப்யூட்டர் நிரம்பி மூச்சுமுட்டி நின்றது. ஒன்றையும் அழிக்காமல், விட்டுவைத்த இடத்தை இழுத்துச் சேர்த்து ஓடவைத்தாள். அதை ஊர் பூராவும் சொல்லித் தீர்த்தாள். அடக்கத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

கொழுந்தன் ஜெனெக் மட்டும் மசியவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவன். "அண்ணி, எனக்கு ஒவ்வொரு துளி இடமும் சோறு. உங்க புறம்போக்கை என் பாகத்தோடச் சேர்த்துவிடுங்க" என்று வந்து நின்றான்.

"நீ எடுக்கிற வீடியோவுல பாதி, விருந்துல ஆளுங்க மென்னுக்கிட்டு இருக்கிறதுதான். அதை வெட்டு, இடம் தன்னால வரும்" என்றாள்.

தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதற்கப்புறம் சில வருஷங்களாக ஜெனெக் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் பார்த்துவிட்டு ரோமனும் அவளும் மேஜைக்கு வந்தார்கள். வழக்கப்படி விரிப்புக்கு அடியில் வைக்கோல், மேலே மூன்று தட்டுகள். ரோமன் பீட்ரூட் சூப்பை ஊற்ற ஆரம்பித்தபோது கதவு தட்டப்பட்டது.

ஜெனெக். கம்ப்யூட்டர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளெல்லாம் பனியோடு, பேசாமல் நின்றான்.

"கிறிஸ்துமஸ் ராத்திரியில ஆடு மாடுகூடப் பேசும்பாங்க. நீ வாயைத் திறந்தா என்ன குறைஞ்சிடும்?" என்றாள் லுத்விகா.

"எல்லாம் போச்சு, அண்ணி."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. கிங்கா என்ற பெண்ணின் கல்யாணத்தை அவன் படம் பிடித்திருந்தான். அவளுடைய அப்பா ததேயுஷ் அன்று ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மகளின் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குக் குடும்பமே கூடி உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. மறுநாள் கிங்கா புருஷனோடு நார்வேக்குக் கிளம்புகிறாள். படம் தயார். ஆனால் கடைசியாகச் சேமிக்க டிஸ்க்கில் இடமில்லை. அண்ணியிடம் போவதா என்ற வீம்பில், எங்கிருந்தோ ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கி, அந்தக் கறுப்புப் பட்டையைத் தன் பாகத்தோடு தானே சேர்க்கப் பார்த்தான். பாதியில் கரண்ட் போய்விட்டது.

"திரும்பப் போட்டுப் பார்த்தா, கல்யாணமெல்லாம் இருந்த பாகத்தையே காணோம். மொத்தமும் ஒதுக்கப்படாத இடம்னு காட்டுது. கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழிச்சிட்டேன். அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதுக்கப்புறம் அதுல ஏதாச்சும் எழுதினியா?"

"புதுசாப் பாகம் பிரிக்கட்டுமான்னு கேட்டுச்சு. வேணாம்னு அழுத்திட்டு ஓடி வந்துட்டேன்."

"அப்ப நீ பாதி முட்டாள்தான். நிலம் எங்கேயும் ஓடிப்போகலடா, பட்டாதான் கிழிஞ்சிருக்கு. ஒதுக்கலைன்னா காலின்னு அர்த்தமில்ல. யாரோடதுன்னு எழுதின சீட்டு இல்லை, அவ்வளவுதான். மேல எதையும் எழுதாத வரைக்கும் பழசு அப்படியே கிடக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் நிச்சயமில்லை. அந்த இலவசச் சனியன் எதையாவது இடம்மாற்றித் தொலைத்திருந்தால்? கொட்டகைக்குப் போய் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, பழைய பாகத்தின் எல்லையைத் தேடும்படி விட்டாள். அது நத்தையாக நகர்ந்தது.

"வா, உட்காரு. சூப்பு ஆறுது."

மிச்சம் இருந்தது மூன்றாவது தட்டுதான். ஜெனெக் அதன் எதிரே உட்கார்ந்தான். அன்று ஒருவருக்கொருவர் பிட்டுக்கொள்ளும் மெல்லிய வெள்ளை அப்பத்தை லுத்விகா நீட்டினாள். அவன் ஒரு துண்டு பிட்டான், அவன் கையிலிருந்ததில் அவளும் பிட்டாள். பழசெல்லாம் அதோடு சரி. பிறகு அவள் எழுந்து, அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக் காலி முக்காலிக்கு எதிரே வைத்தாள்.

"இது யாருக்கு, அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? நீ வருவேன்னு தெரிஞ்சா அதை வச்சேன்?"

மீன் சாப்பிட்டு முடித்தபின் மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். காணாமல்போன பாகம் தன் பழைய பெயரோடு திரையில் நின்றது: கல்யாணங்கள். லுத்விகா அதன் எல்லைகளை மறுபடி எழுதிச் சேமித்தாள். திறந்ததும் கிங்கா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். ஜெனெக் குழந்தை மாதிரி அழுதான். "பார்த்தியா ரோமன்? பார்த்தியா என் கையை?" என்று லுத்விகா புருஷனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

படத்தை வேறொரு டிஸ்க்கில் பத்திரமாகச் சேமித்துக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பத்துல ஒரு பங்கை இப்ப உன்னோட சேர்த்துடட்டுமா? நான் சேர்த்தா எதுவும் அழியாது."

ஜெனெக் கதவு வழியாக, வீட்டுக்குள் மேஜையில் இருந்த காலித் தட்டைப் பார்த்தான்.

"வேணாம் அண்ணி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் போனில் கூப்பிட்டான். குரலில் பெருமை பொங்கி வழிந்தது.

"அண்ணி, ததேயுஷ் எதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் தெரியுமா? விருந்தை! என் மக கல்யாணத்துல எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்களான்னு ஒவ்வொரு முகமாப் பார்த்தாரு."



"நல்லவேளை," என்றாள் லுத்விகா, "நான் சொன்னதைக் கேக்காம நீ அதை வெட்டாம விட்டே."