ஒரு புள்ளித் தலைச்சுற்று

றாஹிலாவை எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் யாருக்குத்தான் பிடிக்கும்? சம்மாந்துறை மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தவள், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சிற்றூழியராக வந்து சேர்ந்தாள். ஆறாம் வகுப்புப் படிப்பு. வாய் மட்டும் காது வரைக்கும். அவள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தால் டொக்டர்மாரே ஒதுங்க வேண்டும்.

நான் முர்ஷித், வெளிநோயாளர் பதிவில் இருப்பவன். போன வருடம் என் மேசையில் கொம்பியூட்டர் வைத்தார்கள். நோயாளி சொல்வதை நான் தட்டினால், வருத்தம் எவ்வளவு சிக்கல் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை அது புள்ளி போடும்; புள்ளி குறைந்தவர் காத்திருக்க வேண்டும். எந்த டொக்டருக்கும் பாரம் கூடாமல் புள்ளி பார்த்து ஆட்களைப் பிரித்துவிடும். டொக்டர்மாரின் சண்டை நின்றது. எனக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் இவள். பெண்களின் காதுக்குள் குசுகுசுத்துவிட்டு வந்து, "இவட புள்ளிய மாத்து" என்பாள்.

"நீங்க என்ன டொக்டரா?"

"நீ ஆம்பிளடா. பின்னுக்கு நிக்கிறதும் ஆம்பிளைகள். உன்னட்ட எவள் உள்ளதச் சொல்லுவா? காய்ச்சல் எண்டுவா, தலைச்சுத்து எண்டுவா. நீயும் அதத் தட்டித் தட்டிக் குப்பை சேக்கிறாய்!"

எல்லோருக்கும் முன்னால்! கொதித்துப்போனேன். அன்றே முறைப்பாடு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் என் தங்கச்சி ஹிமாயா வந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல காக்கா. தலைச்சுத்து."

தட்டினேன். ஒரு புள்ளி, ஐம்பத்து மூன்றாம் இலக்கம். தங்கச்சி என்றும் சலுகை காட்டவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

வாளியோடு போன றாஹிலா தங்கச்சி உட்கார்ந்திருந்த வாங்கருகே நின்றாள். ஹிமாயாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், குனிந்து ஏதோ கேட்டாள். பிறகு கத்தினாள்.

"கட்டிலக் கொண்டாடா! நாள் தள்ளிப் போயிருக்கு, வயித்துக்குள்ள குத்துதாம். உன்னட்டச் சொல்ல வெக்கமாம்!"

தள்ளிக்கொண்டு போன முதல் அறையில் டொக்டர் தலை நிமிரவில்லை. "என்ட இண்டைய புள்ளிக் கணக்கு முடிஞ்சுது. அடுத்த அறைக்குப் போங்க."

"செத்து ஜனாஸாவானா அதுக்கும் புள்ளி போடுவீங்களா டொக்டர்?" கட்டிலை அவர் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

அவர் எரிச்சலோடு வயிற்றைத் தொட்டார். பிறகு அவரே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கரு குழாயில் தங்கி வெடித்திருந்தது. அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் தங்கச்சி மௌத்து. அல்லாஹ் காப்பாற்றினான்.

"ராத்தா..." என்று அவளிடம் நன்றி சொல்லப் போனேன்.

"போடா. ஆக்கள்ற முகத்தப் பாத்து எழுதப் பழகு."

திங்கட்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. வரிசையைக் குழப்பியதற்காக உடுப்புக் கழுவும் பகுதிக்கு மாற்றம். முறைப்பாட்டை வாபஸ் வாங்க ஓடினேன்.

"நீங்கதானே எழுதினீங்க?" என்றார் அதிகாரி. "சாட்சிக்கு டொக்டரும் கையெழுத்து வச்சிருக்கார்." ஹிமாயாவைத் தள்ளிக்கொண்டு ஓடிய அதே டொக்டர்.

இன்று காலையில் இறக்காமத்துப் பெண்ணொருத்தி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன வருத்தம்?"

பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்தாள். "தலைச்சுத்து."

"பயப்படாம உள்ளதச் சொல்லுங்க."

முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "தலைச்சுத்துத்தான் தம்பி."

உள்ளே இருந்த தாதியைக் கூப்பிட்டேன், வந்து பார்க்கும்படி.

"எத்தின புள்ளி?" என்று கேட்டாள்.

"ஒண்டு."

"அப்ப இருக்கச் சொல்லுங்க."