கார்டா, மானிட்டரா: அழகுபாண்டி கழித்த ஓர் ஆடி மாதம்

மதுரை தல்லாகுளத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சுப் பணி செய்துவருபவர் அழகுபாண்டி. வாடிப்பட்டிக்குத் தெற்கே நெல்லும் தென்னையுமாக வாழும் குடும்பத்தில் பிறந்தவர், வயது நாற்பத்திரண்டு. எங்கள் வீட்டின் மாடியில் மனைவி கனகலட்சுமியுடன் குடியிருக்கிறார். அவர் அடித்த கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை பிசகியதாக இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. முத்திரை வைத்த தாளை இரு கைகளாலும்தான் வாங்குவார். ஒட்டிய உறையைப் பிறர் கிழித்தால்கூட அவர் முகம் சுளிக்கும்.

கார் ஓட்டும் உரிமம் அவரிடம் இல்லை. இரு சக்கர வண்டியில் போகும்போதும், காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்த பிறகு இருபுறமும் ஒரு முறை பார்த்துவிட்டே கிளம்புவார். பின்னால் நிற்பவர்கள் ஆரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். அப்படிப்பட்டவர், மாலை ஏழு மணிக்குக் கணினியின் முன் அமர்ந்து, மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவுகளைக் கடப்பார். இணையவழிக் கார்ப் பந்தயம் ஊரடங்கு நாட்களில் அவரைப் பற்றிக்கொண்டது. பிறகு ஐந்து பேர் கொண்ட அணி ஒன்றில் இடமும் கிடைத்தது. விண்ணப்பம் எழுதாமல், எவருடைய சிபாரிசும் இல்லாமல், ஓட்டிய வேகம் ஒன்றைக் கொண்டே அவர் பெற்ற இடம் அது. அந்த இடத்தைத்தான் இந்த ஆடி மாதத்தில் இழக்கும் நிலை வந்தது.

ஒரு பந்தயத்துக்கு முப்பது சுற்றுகள். முதல் பதினான்கு சுற்றுகளில் குறையேதும் இராது. பதினைந்தாவது சுற்றில் திரையில் படம் திக்கத் தொடங்கும். கார் நிற்கும், பாயும், மறுபடி நிற்கும். வளைவு எங்கே என்று தெரிவதற்குள் சுவர் வந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு பந்தயங்களில் அவர் கடைசியாக வந்தார். ஆடி இரண்டாம் ஞாயிறன்று பந்தயம் முடிந்ததும், அணித் தலைவர் குருபிரசாத் அழைத்தார். அவர் சென்னையில் மென்பொருள் பணியில் இருக்கும் மதுரைக்காரர்.

"பாண்டி, நான் ஒண்ணும் சொல்லலை. மத்தவா கேக்கறா. உங்க மெஷின்ல என்ன கோளாறோ, சரி பண்ணிடுங்கோ. ஆவணி முதல் ஞாயிறு கடைசி ரேஸ். அதுல பத்து பேருக்குள்ள வந்தா இடம் உங்களுது. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"சரி பண்ணிர்றேன் சார்" என்றார் அழகுபாண்டி. எதைச் சரி செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. படத்தை உருவாக்குவது கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, காட்டுவது மானிட்டர். கார்டு நான்கு வயதானது. மானிட்டர், அவர் வேலை செய்யும் அலுவலகத்தில் கழித்துக் கட்டியபோது கிடைத்தது. இரண்டையும் ஒருசேர மாற்ற வழியில்லை என்பதைக் கனகலட்சுமி முதல் நாளே தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இந்த வருசம் ஒண்ணுதான். அது எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ரெண்டுன்னு வந்து நின்னீகன்னா, அந்த ஸ்டியரிங்கக் கழட்டி அடுப்புக்கு மேல மாட்டிருவேன்."

மூன்று வாரங்கள் அந்த மனிதர் பட்ட பாட்டைக் கண்ணெதிரே கண்டேன். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது கார்டு என்பார். மாலையில் வண்டியை நிறுத்தும்போது மானிட்டர் என்பார். இணையத்தில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தார். கனகலட்சுமியின் தம்பி சிவபாண்டி ஒரு ஞாயிறு விருந்துக்கு வந்தவர், சோற்றுக் கையோடு எழுந்து திரையைப் பார்த்தார்.

"மச்சான், இதுல படம் தெரியுறதே பெருசு. உள்ள எம்புட்டு நல்ல கார்டு வச்சாலும் காட்டுறது இந்த டப்பாதான? மானிட்டர மாத்துங்க."

"மாப்ள, திக்குறது கார்டுன்னு சொல்றாங்களே."

"சொல்றவென்லாம் வந்து ஓட்டப் போறானா?"

சிவபாண்டி செல்போன் உறை விற்பவர். மற்றவர்களைவிட உறுதியாகப் பேசினார் என்பதைத் தவிர, அவர் கருத்துக்கு வேறு ஆதாரம் இருந்ததாகத் தெரியவில்லை.

காளவாசலில் கணினி உதிரிப் பொருள் கடை வைத்திருக்கும் முத்திருளனிடம் அழகுபாண்டி போனார். கையில் இரண்டு பக்கத் தாள். கணினியின் உறுப்புகள் யாவற்றையும், பத்திரத்தில் சொத்து விவரம் அடிப்பதைப் போல், எண்ணிட்டு அடித்திருந்தார். முத்திருளன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, வீடு வாங்குறீகளா, கார்டு வாங்குறீகளா? இத வச்சு நான் என்னத்தச் சொல்ல? சிபியு பெட்டியத் தூக்கிட்டு வாங்க. தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"தொறக்க முடியாது தம்பி. சீல் வச்சிருக்கு."

"என்ன சீலு?"

"பிரித்தால் உத்தரவாதம் செல்லாதுன்னு சைடுல ஒட்டியிருக்கு."

"எப்ப வாங்குனது?"

"நாலு வருசம் ஆச்சு."

"அது மூணு வருசத்துலயே முடிஞ்சிருக்கும்ணே."

அழகுபாண்டி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். முடிந்திருக்கலாம், ஆயினும் சீல் சீல்தானே என்று அன்று மாலை என்னிடம் சொன்னார். அத்துடன், புதிய கார்டு போடுவதென்றால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். மானிட்டருக்கு அந்தத் தேவை இல்லை. அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அப்போதே நான் ஊகித்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் கனகலட்சுமி தம்மால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தார். மாடியில் இருப்பது ஒரே அறை. சாமி அலமாரிக்குக் கீழேதான் கணினிக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, தூபக்காலை அந்தப் பெட்டிக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவது நான்கு ஆண்டு வழக்கம். அது ஆடி மாதம்; கணவர் வேறு தோற்றுக்கொண்டே இருந்தார். எனவே செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது.

"இங்க பாருங்க, இந்தப் பெட்டி புகைய அம்புட்டையும் எப்புடி உள்ள இழுக்குதுன்னு" என்று அவர் ஒரு நாள் வியந்து சொன்னது கீழே எனக்கும் கேட்டது. "சாமிகூட இம்புட்டு ஆசையா இழுக்காது."

"காத்தாடி இருக்குல்ல, அது இழுக்கும்" என்றார் அழகுபாண்டி. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆடி கடைசி வாரம், வியாழக்கிழமை, தள்ளுபடி விலையில் மானிட்டர் வந்து இறங்கியது. பழையதைவிட ஒன்றரை மடங்கு அகலம். அன்று மாலை ஐந்து சுற்றுகள் ஓட்டிப் பார்த்தார். படம் பளிங்காக ஓடியது. மாடிப்படியில் நின்று, "சார், பிரச்சினை தீந்துச்சு" என்று அறிவித்தார். பதினைந்தாவது சுற்றில் வரும் நோயை ஐந்து சுற்று ஓட்டி எப்படிச் சோதித்தீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன். மறுநாள் ஆடியின் கடைசி வெள்ளி. இரட்டிப்பாகப் புகை எழுந்தது.

ஆவணி முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணிக்குப் பந்தயம். ஆறாம் இடத்தில் தொடங்கினார். இரண்டாம் சுற்றில் ஐந்தாம் இடம். எட்டாவது சுற்றில் படம் திக்கியது. பதினைந்தில் வரவேண்டியது எட்டிலேயே வந்துவிட்டது. பன்னிரண்டாவது சுற்றில் காரின் முன்பகுதி சுவரில் நொறுங்கியது. மாடியில் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் ஓசை கீழே எனக்குக் கேட்டது. ஆறரை மணிக்குக் குருபிரசாத்தின் செய்தி வந்தது: மிகவும் வருந்துகிறோம், அடுத்த பருவத்துக்கு வேறொருவரைச் சேர்த்துவிட்டோம்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, சிபியு பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் காளவாசலுக்குக் கொண்டுபோனார். கோபத்தில், தவணை முறையிலாவது கார்டையும் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். சீலின் மேல் முத்திருளனின் ஸ்குரூ டிரைவர் இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பக்கத் தகடு விலகியதும் கடை முழுவதும் மணம் பரவியது.

"என்னண்ணே இது? கோயில் நடையத் தொறந்தாப்புல இருக்கு!"

உள்ளே கார்டின் காற்றாடியும் அதன் பின்னால் இருக்கும் தகட்டு அடுக்கும் கண்ணுக்கே தெரியவில்லை. நான்கு ஆண்டுச் சாம்பிராணிப் புகை, தூசியோடு சேர்ந்து, பழுப்புப் பசையாக அப்பிக் கிடந்தது.

"காத்துப் போக வழியில்ல. சூடேற ஏற, கார்டு வேலையக் குறைச்சுக்கிரும், அதான் திக்குது. கார்டு நல்ல கார்டுண்ணே. அதுக்கு மூச்சு முட்டுது, அம்புட்டுதான்."

"புது மானிட்டர் போட்டதுக்கு அப்புறம் சீக்கிரமாத் திக்குச்சே?"

"பெரிய படம்ல? அதுக்கு வேலை கூடிப்போச்சு. சீக்கிரமாச் சூடாயிருச்சு." முத்திருளன் தூரிகையை எடுத்துக்கொண்டே சேர்த்தார்: "அன்னைக்கே தூக்கிட்டு வாங்கன்னு சொன்னேன்."

தூரிகையும் காற்று ஊதும் கருவியும் கொண்டு சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்டு வாங்கவில்லை. மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். பெட்டி பிரித்த பொருளை எடுப்பதில்லை என்று விற்ற கடையில் சொல்லிவிட்டார்கள்.

வீடு திரும்பியதும், சாம்பிராணியால் வந்த வினையைக் கனகலட்சுமியிடம் சொன்னார். குரலை உயர்த்தியே சொன்னார். அவரும் விடவில்லை.

"நான் காட்டுனது தப்புதான். நாலு வருசமா இதுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க ஒரு தடவையாச்சும் தொறந்து பாத்தீகளா? வண்டிக்கு மட்டும் மாசா மாசம் சர்வீஸ் விடுறீக?"

"சீல் வச்சிருந்துச்சுல்ல!"

"சீல் வச்ச பெட்டிக்கு இப்பச் சோறு வையுங்க!"

அன்று மாலை அழகுபாண்டி தனியாக முப்பது சுற்றுகள் ஓட்டினார். தடத்தில் வேறு கார் ஒன்றும் இல்லை. ஓரிடத்திலும் படம் திக்கவில்லை. முடித்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நான்காம் இடத்தில் வந்தவரைவிட ஒன்றரை விநாடி குறைவாக இருந்தது. அதைப் படம் எடுத்துக் குருபிரசாத்துக்கு அனுப்பினார். உயர்த்திய கட்டைவிரல் குறி ஒன்று பதிலாக வந்தது.

வெள்ளிக்கிழமை, தூபக்காலின் மணம் மாடிப்படியில் இறங்கியது. அறை வாசலில் கனகலட்சுமி நின்றுவிட்டார்.

"உள்ள வரவா, வேணாமா?"

"அந்தத் துண்ட எடுத்துப் பெட்டிமேல போடு" என்றார் அழகுபாண்டி. "அப்புறமா வா."